சம்பந்திச் சண்டை

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இருபது வருஷமாக வயிறு வளர்ப்பவன் நான். (வளர்ந்திருக்கிறது என்பதை என் மனைவியும் ஒப்புக்கொள்வாள்.) நேற்றுவரை ஓடிய கணக்கு இன்று படுத்துக்கொண்டால் நீங்கள் யாரைப் பிடிப்பீர்கள்? கடைசியாகக் கை வைத்தவனைத்தானே? 2019-ல் நானும் அதைத்தான் செய்தேன். கம்பைலரைப் புதுப்பித்தவன் ஆபீசில் சேர்ந்து ஐந்து மாதமான ஒரு பையன். நாலு பேர் எதிரில், "என்னத்தைக் கெடுத்தே?" என்று கத்தினேன்.

"நான் ஒண்ணும் மாத்தலை, சார்" என்றான். முகம் சுண்டிவிட்டது. அடுத்த மாதம் அவன் வேலை உறுதியாக வேண்டும். நானோ, 'அஜாக்கிரதை' என்று மானேஜருக்குக் கடிதமும் எழுதிவிட்டேன்.

கம்பைலர் என்பது, நாம் எழுதுவதை இயந்திரத்துக்குச் சொல்லும் துபாஷி. எங்கள் கணக்கில் பாஷைகள் இரண்டு. ஃபார்ட்ரான், 1957-ல் ஐ.பி.எம். வெளியிட்ட பெரியவர். சி, 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த சின்னவர். 1992-ல் வந்த லாபேக் என்ற கணக்குத் தொகுப்பு பெரியவருடையது. அதை வேலை வாங்குகிறவர்களில் பலர் சின்னவர் வீட்டார். ஆக, இருவரும் சம்பந்திகள்!

பெரியவர் வீட்டில் ஒரு சம்பிரதாயம். ஒரு சொல்லைக் கொடுத்தால், அதில் எத்தனை எழுத்து என்பதையும் பந்தியின் கடைசி இலையில் ஓசைப்படாமல் வைத்துவிட வேண்டும். சி வீட்டார் பலர் வைக்கவில்லை. கொடுப்பதே 'யு', 'எல்' என்று ஒற்றை எழுத்து. இதற்கு நீளம் வேறா? பெரியவரும் கேட்கவில்லை. வருஷக்கணக்கில் கல்யாணம் அமோகமாக நடந்தது.

ஒரு வேலையின் கடைசிக் காரியம் வேறொரு வேலையை அழைப்பதுதான் என்றால், புது இலை போடாமல், வந்த இலைகளிலேயே பரிமாறிவிடுவது துபாஷிகளின் சிக்கனம். 2019-ல் ஜி.என்.யு. ஃபார்ட்ரான் துபாஷியின் புதிய பதிப்புகளில் இந்தச் சிக்கனம் புது இடங்களில் தலைகாட்டியது. கடைசி இலையில் நீளம் 'ஒன்று' என்று பரிமாறியது. ஐயோ, சி அந்த இலையைப் போடவே இல்லையே! அங்கே இருந்தது வேறு யாருடைய இலையோ. அவர் பாயசத்தின் மேல் ரசம் விழுந்தது.

ஆர் என்ற புள்ளிவிவர மொழிக்காரர்களும் அகப்பட்டுக்கொண்டார்கள். "நன்றாக ஓடியதைக் கெடுத்தீர்களே" என்று ஒரு கட்சி. "இத்தனை நாள் முறை தவறி நடந்தது நீங்கள்தானே" என்று எதிர்க்கட்சி. முறைப்படி பார்த்தால் துபாஷி பக்கம்தான் நியாயம் என்பேன். ஆனாலும் அவர்களே இறங்கி வந்து, ஆபத்தான இடங்களில் சிக்கனத்தை நிறுத்த ஏற்பாடு செய்தார்கள். ஆர் மொழிக்காரர்களும் நீளத்தைச் சேர்த்து அனுப்ப வழி செய்தார்கள்.

இதெல்லாம் புரிந்தபின், எங்கள் கணக்கில் நீளத்தை விட்ட மகானுபாவர் யார் என்று தேடினேன். பெயரும் தேதியும் பதிவாகியிருக்குமே! தேதி 2008. பெயர் என்னுடையது.

அதே நாலு பேர் எதிரில் பையனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். நிதானமாகப் படித்தான்.

"ஒரு வரிதானே, சார். நான் திருத்திடட்டுமா?"

"வேண்டாம்ப்பா. நான் எழுதினதை நானே திருத்தறேன்."

திருத்த இரண்டு நிமிஷம். மானேஜருக்கு இரண்டாவது கடிதம் எழுதத்தான் சாயங்காலம் ஆகிவிட்டது.