பெட்போர்ட் குன்றின் தொட்டில்கள்

நியூயார்க் மாநகரின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் வடக்கே செல்லும் ரயிலில் ஏறி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பிரயாணம் செய்தால் பெட்போர்ட் ஹில்ஸ் என்னும் சிற்றூரை அடையலாம். தூரம் சுமார் 40 மைல். வானளாவிய கட்டிடங்கள் மறைந்து, மரமடர்ந்த குன்றுகளும், செல்வர்களின் மாளிகைகளும், குதிரைப் பண்ணைகளும் தென்படத் தொடங்கும். இத்தனை ரமணீயமான இடத்தில் சிறைச்சாலை ஒன்று இருக்குமென்று எவரும் நினைக்கமாட்டார்கள். ஆனால் இருக்கிறது. நியூயார்க் ராஜ்யத்தில் மிகக் கடுமையான காவலுடன் ஸ்திரீகளுக்கென்று அமைந்த ஒரே சிறை அதுதான்.

அநுமதி பெறாத பிரயாணிகள் வேலிக்கு இப்பாலேயே நிற்க வேண்டும். வேலியின் மேல் கத்தி முனைக் கம்பி சுருள் சுருளாய்ச் சுற்றியிருக்கிறது. அதற்கு அப்பால் தொட்டில்கள் இருக்கின்றன என்று யாராவது சொன்னால்தான் நாம் அறிவோம்.

1901-ஆம் ஆண்டில் பெண்களுக்கான சீர்திருத்தச் சாலையாக இது திறக்கப்பட்டபோதே குழந்தைகள் விடுதியும் பிறந்துவிட்டது. காதரின் பெமென்ட் டேவிஸ் என்ற அம்மையார் முதல் தலைவியாக இருந்து நடத்தினார். அக்காலத்தில் வேறு சில ராஜ்யங்களிலும் இத்தகைய விடுதிகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை பின்னர் மூடப்பட்டன. பெட்போர்ட் விடுதி மட்டும் மூடப்படவேயில்லை. இன்றும் அமெரிக்க ராஜ்யங்கள் பெரும்பாலானவற்றில், கைதியின் குழந்தை பிறந்த ஒன்றிரண்டு நாட்களில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டுவிடுகிறது.

பிரசவம் வெளி ஆஸ்பத்திரியில் நடக்கிறது. பிரசவ வேதனையில் இருப்பவளுக்கு விலங்கு பூட்டலாகாது என்று நியூயார்க்கில் சட்டம் வந்தது 2009-ல்தான்! அதற்கு முன் என்ன நடந்தது என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். குழந்தையுடன் திரும்பும் தாய்க்குத் தனிப் பகுதியில் இடம் கிடைக்கிறது. அவள் வகுப்புக்கும் வேலைக்கும் போகும் நேரத்தில், பயிற்சி பெற்ற பிற கைதிகளும் குழந்தையைக் கவனிக்கிறார்கள். தாய்மாருக்குப் பிள்ளை வளர்ப்பைக் கற்பித்தவர்களில் ஜீன் ஹாரிஸ் ஒருவர். உயர்தரப் பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியையாயிருந்து, கொலைக் குற்றத்துக்காக 1981-ல் தண்டனை பெற்று வந்தவர் அவர்.

இங்கே வளரும் சிசுக்களைக் கொலம்பியா சர்வகலாசாலையின் மேரி பைர்ன் ஆராய்ந்தார். தாயிடம் அவை கொள்ளும் பற்று, வெளியுலகக் குழந்தைகளின் பற்றுக்குக் குறைந்ததல்ல என்று கண்டார். இதில் நமக்கு ஆச்சரியமில்லை. கைக்குழந்தைக்கு மதில் ஏது? தாய் மடிதான் உலகம்.

கஷ்டம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரையில்தான் சட்டம் இடங்கொடுக்கிறது. தாய் விரைவில் விடுதலையாவதாயிருந்தால் பதினெட்டு மாதம் வரை நீடிக்கலாம். நம் வீடுகளில் ஆண்டு நிறைவு என்றால் புதுச் சட்டை, பாயசம், உறவினர் கூட்டம். நீண்ட தண்டனை பெற்றவளுக்கோ அது பிள்ளையைப் பிரியும் நாள். குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதைக் கண்டு மகிழ்வதா, நாள் நெருங்குகிறதே என்று கலங்குவதா?

சிறையும் தாய்மையும் நமக்குப் புதியவை அல்ல. 1930-களின் தொடக்கத்தில் கடலூர் அஞ்சலையம்மாள் கர்ப்பிணியாக வேலூர்ச் சிறையில் இருந்தார். பிரசவத்துக்காக வெளியே விடப்பட்டு, பிள்ளை பிறந்த இரு வாரத்துக்குள் மறுபடியும் சிறை புகுந்தார். சுதந்திர இந்தியாவின் சுப்ரீம் கோர்ட்டு, 2006-ல் அளித்த தீர்ப்பில், ஆறு வயது வரை குழந்தை தாயுடன் இருக்கலாம் என்றது. பிறந்த இடம் சிறை என்று பதிவேட்டில் எழுதலாகாது என்றும் விதித்தது. தயாளமான தீர்ப்பு! ஆயினும் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பூட்டும் சாவியும் நன்றாகத் தெரியும். மேலும், நம் சிறைகளில் குழந்தையுடன் இருக்கும் தாய்மாரில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று தீர்ப்பாகாதவளை ஜாமீனில் விட்டு, வழக்கை விரைந்து முடித்தால் தொட்டிலைச் சிறைக்குக் கொண்டு போகவே அவசியமிராது என்பது நம் அபிப்பிராயம்.

பெட்போர்டில் பிரிவுக்குப் பிறகும் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. 1980-ல் அங்கே குழந்தைகள் நிலையத்தைத் தொடங்கிய எலேன் ரூலே என்ற கன்னிகாஸ்திரீ, கைதிகளின் வளர்ந்த பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் அவ்வட்டாரக் குடும்பங்களின் வீடுகளில் தங்க வைத்தார். காலையில் அவ்வீட்டார் பிள்ளைகளைச் சிறை வாசலில் கொண்டு விடுவார்கள். பகல் முழுவதும் தாயுடன் விளையாடிவிட்டு, மாலையில் அவர்கள் அந்த வீடுகளுக்குத் திரும்புவார்கள்.