சாரல் காலமும் லேப்டாப் சார்ஜரும்

குற்றாலத்துல சாரல் விழுதுன்னு கேள்விப்பட்டா பட்டணத்துல இருந்து கிளம்பி வந்துருவீங்க. எங்களுக்கு அதே ஆனி, ஆடியில கார் சாகுபடி வேலை, கூடவே கரண்டு தொல்லை. இப்பெல்லாம் வீட்டுல இருந்தே கம்பெனி வேலை பாக்கிற பிள்ளைங்க லேப்டாப்போட ஊருக்கு வந்து மாசக்கணக்குல தங்குதாங்க. அதான் இதை எழுதுதேன்.

எங்க பக்கத்துல பல வீடுகளுக்கு லேப்டாப் வந்ததே 2011-ல தொடங்கின அரசாங்க இலவச லேப்டாப் திட்டத்துல தான். வீட்டுல இருந்ததோ ரெண்டு ஓட்டை பிளக். சார்ஜருக்கு மூணு கால். ஒத்து வரலைன்னு மேல இருக்கிற தடிச்ச காலை நறுக்கினவங்களை நான் பாத்திருக்கேன்.

அந்தத் தடிச்ச கால் தான் எர்த். கிணத்து மோட்டாருக்குன்னா குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கோடையில ரெண்டு குடம் தண்ணியும் ஊத்துவோம். வீட்டுக்குள்ள வந்தா அதே எர்த்தை வெட்டி எறியுதோம்! எர்த் இல்லாம சார்ஜ் போட்டு, ஈரத் தரையில வெறுங்காலோட லேப்டாப்பைத் தொட்டா சுறுசுறுன்னு இருக்கும். அது சின்னக் கசிவு தான். ஆனா சார்ஜருக்கு உள்ள ஏதாவது பழுதாச்சுன்னா கரண்டு மண்ணுக்குப் போக உங்க உடம்பு தான் வழி.

அடுத்தது காத்து. தென்னை மட்டை லைன்ல விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்தா, 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுல 400 வரைக்கும் கூட ஏறிரும். சார்ஜர் அடியில பாருங்க, பெரும்பாலும் 100-240 வோல்ட்னு தான் போட்டிருக்கும். பல்பு திடீர்னு பளீர்னு எரிஞ்சாலோ, ஒரு அறையில மங்கி இன்னொண்ணுல கூடினாலோ யோசிக்காம மெயினை அணைச்சிருங்க. மட்டையை எடுக்க நீங்க போகாதீங்க, லைன்மேன் வரட்டும்.

இடி மழை ஐப்பசியிலயும் சித்திரையிலயும் தான் அதிகம். எங்க தெருவுல ஒரு பையன் சார்ஜ் போட்டபடியே வச்சிருந்தான். எங்கேயோ விழுந்த இடி, லைன் வழியா வந்து போர்டு கருகிப் போச்சு. அவங்க அப்பா நெல்லு வித்து வாங்கிக் கொடுத்தது. ஸ்பைக் பஸ்டர் இருக்கேன்னு சொல்லுவீங்க. இடிக்கு அது தாங்காது. சுவிட்சை அணைச்சாலும் போதாது, பிளக்கைப் பிடுங்கணும், இன்டர்நெட் வயரையும் சேர்த்து. அதுவும் மேகம் கறுக்கும்போதே. தலைக்கு மேல இடி வெட்டும்போது போய்த் தொடாதீங்க.

இன்னும் ரெண்டு. சார்ஜரை மெத்தையிலயோ நெல்லு மூட்டையிலயோ வைக்காதீங்க, சூடு போக வழி வேணும். எலி கடிச்ச வயரை டேப் சுத்தி ஓட்டாதீங்க, மாத்திருங்க. வேற சார்ஜர் வாங்கினா வோல்ட் அதே எண்ணா இருக்கணும், ஆம்பியர் குறையக் கூடாது.

பழைய லேப்டாப்புல மவுஸ் பட்டை மேல எழும்பி நின்னா, உள்ள பேட்டரி உப்பிருக்குன்னு அர்த்தம். அமுக்கிப் பாக்காதீங்க, குத்தவே குத்தாதீங்க, தீப்பிடிக்கும். சார்ஜ் போடுறதை அன்னைக்கே நிறுத்திட்டு ரிப்பேர் கடைக்குக் கொண்டு போங்க. கழட்டினதைக் குப்பைக்குழியில போட்டுறாதீங்க, எங்க ஊர்ல குப்பையைக் கொளுத்துற பழக்கம் இன்னும் போகலை.