தோட்டத்துப் பெண்கள் தூக்கிய துப்பாக்கி

ஜான்சி ராணி படையோட பழைய போட்டோ ஒண்ணு இன்னைக்குக் கண்ணுல பட்டுச்சு.
காக்கி உடுப்பு. தோள்ல துப்பாக்கி.

1943, சிங்கப்பூர்.
நேதாஜி கூப்பிட்டதும் கேப்டன் லட்சுமி தலைமையில திரண்டவங்கள்ல நிறைய பேர் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்.
மரம் சீவுற கத்தி பிடிச்ச கை.
பலர் இந்தியாவைக் கண்ணால பார்த்ததே இல்ல. அதுக்காக உயிரைக் கொடுக்க வந்தாங்க!

இந்தப் படை சேர்ந்திருந்த நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம் (ஐஎன்ஏ) இம்பால்ல தோத்துச்சுதான்.
ஆனா 1945 நவம்பர்ல அதன் அதிகாரிகளைச் செங்கோட்டையில விசாரிச்சப்போ நாடே கொதிச்சுது.
1946 பிப்ரவரியில பம்பாய்ல கடற்படை மாலுமிகளே ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிட்டாங்க.
சிப்பாயை நம்பி இனி ஆள முடியாதுன்னு வெள்ளைக்காரனுக்குப் புரிஞ்சுது.

அந்தப் பெண்களுக்கும் நம்ம சுதந்திரத்துல பங்கு இருக்கு.

உங்க குடும்பத்துல மலேயா பாட்டி யாராவது இருந்தாங்களா?
அவங்க கதையை இப்பவே கேட்டு எழுதி வைங்க.