ஒரே ஒரு லேன்

பெங்களூரில் நம்மூர்க்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி "எந்த ஊரு?" இரண்டாவது கேள்வி "ஆபீஸ் போக எவ்வளவு நேரம் ஆகுது?" இதற்குக் கிலோமீட்டரில் பதில் சொல்கிறவர் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். நான் கோவில்பட்டியிலிருந்து இங்கே வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. எச்எஸ்ஆர் லேஅவுட்டில் வீடு, மாரத்தஹள்ளி பக்கம் ஆபீஸ். தூரம் பத்து கிலோமீட்டர் இருக்கும். நேரத்தை மட்டும் கேட்காதீர்கள். அது வருண பகவானுக்கும் சில்க் போர்டு சிக்னலுக்குமே வெளிச்சம்.

சிக்னலில் நிற்கும்போது சும்மா இருக்க முடியுமா? ட்ராஃபிக்கை ஒழிக்க யார் யார் என்னென்ன வித்தியாசமான யோசனை சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. அதில் தேறியது, தேறாதது இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் ஸ்கைபஸ். ரோட்டின் நடுவில் தூண் நட்டு, மேலே தண்டவாளம் போட்டு, அதன் அடியில் பெட்டியைத் தொங்கவிட்டு ஓட்டுவது. வௌவால் மாதிரி. கொங்கண் ரயில்வே கோவாவில் மட்காவ் அருகே இதைக் கட்டியே பார்த்தது. 2004 செப்டம்பரில் சோதனை ஓட்டத்தின்போது பெட்டி தூணில் மோதி ஒரு ஊழியர் இறந்துபோனார். அதோடு திட்டம் முடங்கியது. 2013-ல் தூண்களையும் பிரித்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்து மும்பை மோனோரயில். 2014-ல் செம்பூருக்கும் வடாலாவுக்கும் நடுவே ஓட ஆரம்பித்தது. ஒற்றைத் தண்டவாளம், பார்க்க அழகு. ஏறத்தான் ஆள் இல்லை. 2025 ஆகஸ்டில் ஒரு மழை நாளில் லோக்கல் ரயில் நின்றுபோய் கூட்டம் மொத்தமும் இதில் ஏறியபோது, பாரம் தாங்காமல் அந்தரத்தில் நின்றுவிட்டது. தீயணைப்புப் படை வந்துதான் ஜனங்களை இறக்கியது. அடுத்த மாதமே சீரமைப்புக்காகச் சேவையை நிறுத்தினார்கள்.

வின்ச் போல ரோப் கார்? பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் 2014 முதல் அதுதான் டவுன் பஸ். ஒரு பெட்டியில் பத்துப் பேர், பன்னிரண்டு வினாடிக்கு ஒரு பெட்டி. கணக்குப் போட்டால் மணிக்கு மூவாயிரம் பேர். ஆனால் அந்த ஊர் ஒரு பள்ளத்தில் இருக்கிறது, மேட்டில் இன்னொரு ஊர். ரோட்டில் போனால் சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். கயிற்றில் போனால் நேராகப் போகலாம். நம் அவுட்டர் ரிங் ரோட்டில் அப்படி என்ன மலை இருக்கிறது?

குடும்பத்தோடு கொச்சிக்குப் போனபோது வாட்டர் மெட்ரோவில் ஏறினோம். 2023 ஏப்ரலில் தொடங்கியது. நூறு பேர் ஏறுகிற பேட்டரி படகு, சத்தமே இல்லை. என் மகள் கேட்டாள், "அப்பா, பெங்களூர்லயும் இப்படி விடலாம்ல?" நான் சொன்னேன், "அங்க ஏரி இருந்த இடத்துலதான்டா மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டே இருக்கு." (2022 செப்டம்பர் வெள்ளத்தில் சாஃப்ட்வேர் மக்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் வாட்டர் மெட்ரோ அதுதான்.)

இவ்வளவும் படித்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். அந்தந்த மண்ணுக்கு ஏற்றதுதான் அங்கே ஓடும். கொச்சியில் காயல் இருந்தது, லா பாஸில் மலை இருந்தது. நம்மிடம் அகலமான ஒரு ரோடு இருந்தது. அதற்கு ஏற்ற யோசனையும் ஒருநாள் வந்தது. நான்தான் அதைத் திட்டித் தீர்த்தேன்.

2019 கடைசியில் சில்க் போர்டிலிருந்து டின் ஃபேக்டரி வரை இடது ஓரத்தில் ஒரு லேனை பஸ்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கி, வரிசையாகக் குட்டைத் தூண் நட்டார்கள். தொங்குகிற பெட்டி இல்லை, கயிறு இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தூண் நட்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ரோடு டாக்ஸ் கட்டுகிறவன் நான், ரோடு பஸ்ஸுக்கா? எங்கள் அபார்ட்மெண்ட்டில் "இந்த லேனை எடுத்துவிடுங்கள்" என்று ஒரு மனு சுற்றுக்கு வந்தது. படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக்குச் சமையலுக்கு ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். திருப்பத்தூர் பக்கம். முன்பு பக்கத்திலேயே அகராவில் குடியிருந்தவர், வாடகை ஏறியதும் டின் ஃபேக்டரி அருகே மகள் வீட்டோடு போய்விட்டார். பழகிய வீடுகளை விட மனமில்லாமல் தினமும் சாயங்காலம் 500டி பிடித்து வருவார். முதலில் எங்கள் வீடு. பிறகு பக்கத்துத் தெருவில் வயதான தம்பதி வீடு. அவர்கள் இருவருக்கும் சர்க்கரை, எட்டு மணிக்குச் சாப்பாடு தட்டில் இருந்தாக வேண்டும்.

ஒருநாள் மகளின் ஆண்டுவிழாவுக்கு சீக்கிரமே கிளம்பியும் இப்லூரில் மாட்டிக்கொண்டேன். இடது பக்கம் பஸ்கள் சர் சர்ரென்று போகின்றன. எனக்கு முன்னால் நின்ற கார்களை எண்ணினேன். இருபது கார், அதில் பதினாறில் ஒற்றை ஆள். மொத்தப் பேரையும் இறக்கி உட்கார வைத்தால் ஒரு பஸ்கூட நிறையாது. நாங்களோ ஒரு தெரு நீளத்துக்கு நிற்கிறோம். விழா முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்போதுதான் நான் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். நாட்டிய உடையோடு நின்ற மகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் அக்கா கேட்டார், "என்னா சார், நேத்து இப்லூர்கிட்ட கார்ல நின்னுக்கினு இருந்தீங்க? பஸ்லேர்ந்து கை காட்டினேன், நீங்க பாக்கல. இப்பல்லாம் முக்கா மணி நேரத்துல வந்துடறேன் சார், இந்தத் தூணு நட்டவன் நல்லாயிருக்கணும்."

மனுவில் கையெழுத்துப் போட்ட கை அவர் வைத்த காபியைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

பிறகு கொரோனா வந்தது, ரோடே காலியானது. அது முடிந்து எல்லாரும் திரும்பியபோது மெட்ரோ வேலை ஆரம்பித்திருந்தது. குட்டைத் தூண்கள் காணாமல் போயிருந்தன. எங்கள் மனுவால் அல்ல, மெட்ரோ தூணுக்கு இடம் வேண்டியிருந்தது. ஆனால் அவை போனபோது நான் வருத்தப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்காவின் முக்கால் மணி ஒன்றே முக்கால் மணி ஆனது. எட்டு மணிச் சாப்பாடு ஒன்பதானது. அந்தத் தம்பதியும் எவ்வளவு நாள் பொறுப்பார்கள்? வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் வந்து கட்டுப்படியாகாது என்று எங்கள் வீட்டையும் அக்கா விட்டுவிட்டார். 2023 ஜூனில் கர்நாடகாவில் பெண்களுக்கு பஸ் இலவசம் ஆனபோது மனைவி அவருக்கு போன் செய்தாள். "டிக்கெட்டு இலவசம்தான்ம்மா, நேரத்த யாரு குடுப்பாங்க?" என்றாராம்.

டெல்லி கதையும் இதேதான். 2008-ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை, ஆறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு, ரோட்டின் நடுவே பஸ்ஸுக்குத் தனி வழி விட்டார்கள். சிக்னல்களில் வடிவமைப்புக் கோளாறு இருந்தது உண்மை. ஆனால் சத்தம் பெரிதாக வந்தது கார்களிலிருந்து. வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போய் 2012-ல் தள்ளுபடியும் ஆனது. கோர்ட்டில் ஜெயித்தும் பிழைக்கவில்லை, 2016-ல் பிரித்து எடுத்துவிட்டார்கள். அகமதாபாத்தில் 2009-ல் தொடங்கிய ஜன்மார்க் பஸ் வழி தாக்குப்பிடித்தது. ஆக, முடியாத காரியம் இல்லை.

ஸ்கைபஸ்ஸை நாம் எல்லாரும் ரசித்துப் படிக்கிறோம். ஏன் தெரியுமா? அது நம் தலைக்கு மேலே போகிறது, நம்மிடம் எதையும் கேட்பதில்லை. பஸ் லேன் மட்டும்தான் "நீ கொஞ்சம் நகரு" என்கிறது. மெட்ரோ வரட்டும், நல்லதுதான். வந்த பிறகும் கீழே ரோடு இருக்கத்தான் போகிறது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு பஸ்ஸில்தான் போக வேண்டும்.

நான் திருந்திவிட்டேன் என்றெல்லாம் கதை விட மாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் பஸ், மூன்று நாள் கார். மழை பெய்தால் ஐந்து நாளும் கார். ஆனால் அடுத்த முறை அந்த மாதிரி மனு வந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். "ஏன் சார்?" என்று அசோசியேஷனில் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லும் தைரியம் வருமா என்பதுதான் யோசனையாக இருக்கிறது.

புனே, ஹைதராபாத், குர்கான் பக்கம் இருக்கிற நம்மாட்களே, உங்கள் ஊரில் ஒரு லேன் கேட்டால் கொடுப்பீர்களா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.