இழுக்குற காரா, தள்ளுற காரா?

காமர்ஸ் படிக்கிறவனுக்குக் கார் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முன்சக்கர இயக்கமா, பின்சக்கர இயக்கமா என்கிற சண்டை, எஞ்சினியரிங் நண்பர்கள் விளக்கியபோது புரியாமல், வரவு செலவுக் கணக்காகப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கார் எஞ்சினின் சக்தி நான்கு சக்கரத்துக்கும் போவதில்லை. பெரும்பாலான கார்களில் இரண்டுக்குத்தான் போகிறது. அது முன்னால் உள்ள இரண்டா, பின்னால் உள்ள இரண்டா என்பதுதான் கேள்வி.

டீக்கடையில் கேட்டால் உடனே பதில் வரும். "மாடு வண்டிக்கு முன்னாலதானே இருக்கு? இழுக்குறது ஈஸி, தள்ளுறது கஷ்டம். அதான் முன்சக்கரம் பெஸ்ட்." எங்க ஊர்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசித் தேரையே சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். வடம் முன்னால்தானே இருக்கிறது!

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் தேரை நகர்த்துவது அதன் சக்கரம் இல்லை, வடம் பிடிக்கிறவர்களின் கால்கள். கால் தரையை உதைக்கிறது, தேர் நகர்கிறது, சக்கரம் சும்மா கூடச் சுற்றுகிறது. காரில் அப்படி இல்லை. சக்கரமேதான் கால். அது தரையைக் கெட்டியாகப் பிடித்து உதைத்தால் வண்டி போகும், பிடிக்காவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். அந்தப் பிடிமானம் எதனால் வருகிறது? டயரும் ரோடும் ஒருபக்கம் இருக்கட்டும், மிச்சமெல்லாம் அந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆக இழுப்பதா தள்ளுவதா என்பது கேள்வியே இல்லை. எடை எங்கே என்பதுதான் கேள்வி.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது. அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் எஞ்சின் முன்னால், சக்தி பின்னால் என்பதுதான் வழக்கம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எஞ்சின் முன்னால், சக்தியும் முன்சக்கரத்துக்கே. அடுத்த வருடம் அதே கம்பெனி ஒரு வேன் விட்டது, பின்னாளில் ஆம்னி என்று பெயர் வாங்கிய அதே வேன். அதற்கும் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். ஆனால் எஞ்சினை முன்சீட்டுக்கு அடியில் வைத்து, சக்தியைப் பின்சக்கரத்துக்கு அனுப்பினார்கள். ஒரே கம்பெனி, ஒரே அளவு எஞ்சின், இரண்டு விடை! ஏன்? 800 குடும்பம் போகிற வண்டி. ஆம்னி பின்னால் ஆளோ மூட்டையோ ஏற்றுகிற வண்டி.

சும்மா ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். ஒரு சின்னக் கார் 800 கிலோ. எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்சக்கரங்கள் மேல் 500, பின்சக்கரங்கள் மேல் 300. காலியாகப் போகும்போது பிடிமானம் முன்னால்தான். இப்போது பின் அச்சுக்கு நேர் மேலே 300 கிலோ சரக்கை ஏற்றுங்கள். முன்னால் அதே 500, பின்னால் 600. பிடிமானம் கட்சி மாறிவிட்டது. மேடு ஏறினால் எடை இன்னும் பின்னால் சாயும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஐப்பசி மழையில், குழாய் பதிக்கத் தோண்டி மூடிய எங்கள் தெருவில் காலி வேன் ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. பின்சக்கரம் சுற்றோ சுற்றென்று சுற்றியது. தள்ளப் போன நான்கு பேரை டிரைவர் பின்சீட்டில் ஏறி உட்காரச் சொன்னார். சிரித்துக்கொண்டே ஏறினார்கள், வண்டி வெளியே வந்துவிட்டது. இதற்கு நேர்மாறாக, ஒரு கல்யாண மண்டபத்தின் செங்குத்தான சரிவில் ஆறு பேரும் சீர்வரிசையுமாக வந்த கார் ஒன்றின் முன்சக்கரம் வழுக்கியது. சமையல்காரர் ஒருவர் சொன்ன யோசனை, "ரிவர்ஸ்ல ஏத்துங்க தம்பி." ஏறிவிட்டது! பின்னோக்கி ஏறும்போது முன்சக்கரம் சரிவின் கீழ்ப்பக்கம் வந்துவிடுகிறது, எடையும் அதன் மேல் வந்துவிடுகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

அப்படியானால் உலகத்தில் சின்னக் கார்கள் எல்லாம் ஏன் முன்சக்கரத்துக்குப் போயின? இங்கேதான் காமர்ஸ் வருகிறது :-) பின்சக்கர வண்டியில் முன்னால் இருக்கும் எஞ்சினிலிருந்து பின் அச்சு வரைக்கும் ஒரு நீளமான ஷாஃப்ட் போக வேண்டும். அதற்காகத் தரையில் நடுவே ஒரு மேடு. பின்னால் மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்று சொல்லும் பல்சக்கரப் பெட்டி. எல்லாம் இரும்பு, எல்லாம் எடை, எல்லாம் காசு. முன்சக்கர வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே மூட்டையாக முன்னால் முடிந்துவிடும். மிச்ச இடம் முழுக்க மனிதர்களுக்கு. 1959ல் இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி கார் இதை உலகத்துக்கே காட்டியது. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, சுமார் 10 அடி நீளத்தில் நான்கு பேரை உட்கார வைத்தார்.

ஆனால் முதலில் போனவருக்கு லாபம் என்று நினைக்காதீர்கள். 1934ல் பிரான்சின் சிட்ரோயன் கம்பெனி முன்சக்கரக் காரைப் பெரிய அளவில் கொண்டு வந்தது. வண்டி அருமை. ஆனால் அதை உருவாக்கிய செலவும் சேர்ந்து அதே வருடம் கம்பெனி திவாலாகி, கடன் கொடுத்திருந்த மிஷ்லான் டயர் கம்பெனியின் கைக்குப் போனது. நல்ல சரக்கு வேறு, நல்ல கணக்கு வேறு!

முன்சக்கரத்துக்கும் செலவு உண்டு. அந்த இரண்டு டயரே இழுக்க வேண்டும், திரும்ப வேண்டும், பிரேக்கிலும் பெரும்பங்கு தாங்க வேண்டும். வீட்டில் ஒரே ஆள் எல்லா வேலையும் செய்கிற கதைதான், சீக்கிரம் தேயும். பின்சக்கர வண்டியில் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் மழையில் காலி வண்டியைத் திருப்பத்தில் வேகமாக மிதித்தால் வால் வீசும், பழகாதவர்களுக்கு அது ஆபத்து.

இப்போது எங்கள் வீட்டு விஷயம். அப்பா தறி வைத்துப் புடவை நெய்து கொடுக்கிறவர். இத்தனை வருடமாக மொபெட்டிலும் பஸ்ஸிலும்தான் புடவை போனது. சீட்டு எடுத்த 2 லட்சத்து 40 ஆயிரத்தில் ஒரு பழைய வண்டி வாங்கலாம் என்று முடிவானது. தப்பான வண்டி வாங்கினால் பட்டு நூல் வாங்கும் பணத்தில்தான் கை வைக்க வேண்டும். சித்தப்பா, "வியாபாரத்துக்கு வேன்தான்டா, பின்சக்கரம்தான் லோடு இழுக்கும்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் எங்கள் லோடு எவ்வளவு? நோட்டில் எழுதிப் பார்த்தேன். சரிகையின் கனத்தைப் பொறுத்து ஒரு புடவை அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ. மாதம் இரண்டு தடவை சென்னைக்குப் போகிற 40 புடவையும் சேர்ந்து அதிகபட்சம் 40 கிலோ. ஒரு பள்ளிக்கூடப் பையன் எடை! காஞ்சிபுரத்துச் சரக்குக்கு விலைதான் கனம். மிச்ச நாளெல்லாம் அந்த வண்டியில் ஏறப்போவது முட்டிவலிப் பாட்டியும் அம்மாவும்தான். அப்பா நோட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்போ சின்னக் காரே போதும்ங்கிற" என்றார். வாங்கிவிட்டோம். தறிச் சாமான்களும் ஜக்கார்டு பெட்டியும் ஏற்றுகிற சித்தப்பாவுக்கு அவருடைய வேன்தான் சரி. ஒரே குடும்பம், இரண்டு விடை.

இந்தச் சண்டை முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2005ல் பின்சக்கரத்தோடு வந்த இன்னோவா, 2022ல் ஹைகிராஸ் ஆனபோது முன்சக்கரத்துக்கு மாறியது. ஆனால் 1998ல் எங்கள் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் முன்சக்கர சான்ட்ரோவைச் செய்ய ஆரம்பித்த ஹூண்டாய், 2023ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஐயானிக் 5 மின்சாரக் கார் பின்சக்கர இயக்கம்! 2024ல் மகிந்திரா அறிமுகம் செய்த பிஇ 6ம் அப்படித்தான். மின்மோட்டார் சின்னது, பின் அச்சிலேயே வைத்துவிடலாம். நீள ஷாஃப்ட் வேண்டாம், தரையில் மேடு வேண்டாம். முன்சக்கரத்தை ஜெயிக்க வைத்த அதே சிக்கனம் இப்போது பின்சக்கரத்தைத் திரும்பக் கூப்பிடுகிறது.

அதனால் எது சிறந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்து, உங்கள் வண்டியில் வாரம் ஏழு நாளும் யார் ஏறுகிறார்கள், என்ன ஏறுகிறது, எங்கே உட்காருகிறது என்று எழுதிப் பாருங்கள். எந்தச் சக்கரம் என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.