கடற்கன்னியின் கண்ணீர்

கதை கேட்கும் குழந்தை முடிவைக் கொண்டே கதையை எடைபோடுகிறது. நல்லவர் வென்றார், தீயவர் அழிந்தார் என்று அறிந்த பின்புதான் அதற்கு உறக்கம் வரும். இது குழந்தைகளின் இயல்பு மட்டுமா? நன்மை செய்தால் நன்மை கிடைத்தே தீரவேண்டும் என்னும் கணக்கு நம் செபங்களுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. இதை நமக்கு உணர்த்தியவள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி.

சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் தியாகத்தைப் பற்றிப் பேச நேர்ந்தது. குட்டிக் கடற்கன்னியின் கதையை எடுத்துக்கொண்டோம். பெயரைச் சொன்னதுமே பிள்ளைகள் ஆரவாரித்தனர். டிஸ்னி நிறுவனம் 1989இல் வெளியிட்ட கார்ட்டூன் திரைப்படத்தை அவர்கள் பலமுறை பார்த்திருந்தார்கள். "கடைசியில இளவரசனைக் கல்யாணம் பண்ணிக்குவா, சார்!" என்று முடிவையும் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்கள். நாம் சொல்ல வந்த கதையோ வேறு.

அதை எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆன்டர்சன், டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 1805இல் பிறந்தவர். தந்தை செருப்புத் தைப்பவர். தாய் துணி வெளுத்துப் பிழைத்தவர். 1837இல் அவர் வெளியிட்ட இக்கதையில் காதலுக்கும் மேலான ஒரு தாகம் உண்டு. கடல்வாழ் மக்கள் 300 ஆண்டுகள் வாழ்வார்கள். பின்னர் அலைமேல் நுரையாகிவிடுவார்கள். அழியா ஆன்மா அவர்களுக்கு இல்லை. மனிதன் ஒருவன் முழுமனத்தோடு நேசித்து, குருவானவர் முன் கைப்பிடித்தால், அவனது ஆன்மாவில் தனக்கும் பங்கு கிடைக்கும் என்று பாட்டி சொல்லக் கேட்கிறாள் இளைய பேத்தி. இளவரசனையும் நேசிக்கிறாள், அவன் வழியாக நித்தியத்தையும் நாடுகிறாள். அதற்காகச் சூனியக்காரியிடம் தன் நாவையே அறுத்துக் கொடுக்கிறாள். பெற்ற கால்களோ, ஒவ்வோர் அடியிலும் கூரிய கத்திமேல் மிதிப்பதுபோல் வலிக்கின்றன.

திரைப்படத்தில் அந்தத் தாகம் இல்லை. ஏரியல் விரும்புவது மனிதர் உலகையும் இளவரசனையுமே. அவள் இழப்பது குரலை மட்டும். அதுவும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. படத்தில் தீமைக்கு முகமும் பெயரும் உண்டு. அர்சுலா என்னும் சூனியக்காரியை இளவரசன் உடைந்த கப்பலின் முனையால் குத்திக் கொன்றதும் தீமை முடிந்துபோகிறது.

ஆன்டர்சனின் சூனியக்காரி விலை சொல்லி விற்பவள், அவள் தண்டிக்கப்படுவதில்லை. இளவரசனும் வஞ்சகன் அல்லன். கடலில் தன்னைக் காத்தவள் வேறொருத்தி என்று எண்ணி அவளையே மணக்கிறான். உண்மையைச் சொல்ல நம் கதைநாயகிக்கு நா இல்லை. மணநாள் இரவில் அவளுடைய தமக்கையர், தம் கூந்தலை விலையாகக் கொடுத்துக் கத்தி ஒன்றை வாங்கி வருகிறார்கள். விடியுமுன் அதை இளவரசனின் நெஞ்சில் பாய்ச்சினால் அவள் கடலுக்குத் திரும்பலாம். இப்போது தீமை வெளியே இல்லை. அவள் கையிலேயே இருக்கிறது. உறங்கும் இளவரசன் மணமகளின் பெயரை முணுமுணுக்கிறான். அவளோ கத்தியை அலைகளில் வீசிவிட்டு, விடியலில் நுரையாகக் கரைகிறாள். பின்பு காற்றின் மகள்களுள் ஒருத்தியாக எழுகிறாள்.

திரைப்படத்தைப் பழித்துவிட்டுப் போவது நேர்மையன்று. மகளை மீட்கத் தன்னையே அடிமையாக ஒப்புக்கொடுக்கும் தந்தை டிரைட்டன் அதில்தான் இருக்கிறார். மறுபுறம், ஆன்டர்சனின் கடைசிப் பத்தி நமக்கு உடன்பாடன்று. காற்றின் மகள்கள் 300 ஆண்டுகள் நற்செயல் புரிந்து ஆன்மாவைப் பெறுவார்களாம்; தீய குழந்தையைக் கண்டு அவர்கள் சிந்தும் ஒவ்வொரு கண்ணீர்த் துளிக்கும் ஒருநாள் கூடுமாம். நித்திய வாழ்வு இறைவனின் அருட்கொடை. நாள் கணக்கில் ஈட்டும் கூலியன்று. ஆகவே அப்பகுதியை அன்று சொல்லாமல் விட்டோம். கதையை வெட்டுவோர் திரைப்படக்காரர் மட்டுமல்லர்!

வகுப்பு முடிந்தது. மற்றவர்கள் ஓடிவிட, அந்தச் சிறுமி மட்டும் நின்றாள். சில மாதங்களுக்கு முன்புதான் அவளுடைய தந்தை நோயில் இறந்திருந்தார்.

"அவ நல்லதுதானே சார் செஞ்சா? அப்புறம் ஏன் ஜெயிக்கல?" என்றாள். நாம் விடை தேடுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "அப்பாவுக்காகத் தினமும் செபமாலை சொன்னோம். நாங்க சரியாச் சொல்லலையோ?"

திகைத்துப்போனோம். மாதக்கணக்கில் அந்தப் பிஞ்சு நெஞ்சு சுமந்திருந்த பாரம் அது. நல்லவர்க்கு நல்ல முடிவு என்று மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, முடிவு நல்லதாக அமையாதபோது குற்றம் தன்னுடையது என்றே தோன்றும். "இல்லையம்மா, நீங்க சரியாத்தான் செபிச்சீங்க" என்றோம். கெத்சமனியில் இயேசு மன்றாடியபோதும் துன்பக் கிண்ணம் அகலவில்லை. அவரது செபத்தில் குறை இருந்ததா என்று கேட்டோம். அவள் பேசாமல் தலைகுனிந்து நின்றாள்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகள் புதிய கதை கேட்டனர். அவளோ அதே கதையை மீண்டும் சொல்லச் சொன்னாள். கடற்கன்னிகளுக்குக் கண்ணீர் கிடையாது, ஆதலால் அவர்கள் துயரம் பெரிது என்று ஆன்டர்சன் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறார். முடிவில், காற்றில் எழுந்தவள் கதிரவனை நோக்கிக் கைகளை உயர்த்துகிறாள். முதன்முறையாக அவள் கண்களில் நீர் அரும்புகிறது. அந்த இடம் வந்ததும் சிறுமி விம்மி அழுதாள். தந்தையின் அடக்கத்தன்றுகூட அவள் அழவில்லை என்று அவளுடைய தாய் பின்னர் நம்மிடம் கூறினார்.

நம் பிள்ளைகள் திரைப்படத்தைப் பார்த்து மகிழட்டும். அதனுடன் பழைய கதையையும் நம் வாயால் அவர்களுக்குச் சொல்வோம். முடிவு இனிதாக அமையாத ஒருநாள் எந்த வீட்டுக்கும் வரும். அந்நாளில் அவர்களோடு சேர்ந்து அழ ஒரு கதையாவது இருக்கட்டும்.