அவசரப்படுத்துற மெயில்

போன மாசம் கடலை வித்த காசு 46 ஆயிரம் அக்கவுண்டில் ஏறியிருந்தது. விடிஞ்சா டிராக்டர் வாடகையும் உரக்கடை பாக்கியும் கொடுக்கணும். ராத்திரி சாப்பிட்டுட்டு திண்ணையில் உட்கார்ந்து போனைப் பார்த்தால் ஒரு மெயில்.

'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்.' மேலே பேங்க் முத்திரை, கீழே நீலக்கலரில் ஒரு பட்டன்.

பகீர்னு ஆயிடுச்சு. பட்டனை அழுத்திட்டேன். ஒரு பக்கம் திறந்து கார்டு நம்பர், யுபிஐ பின் எல்லாம் கேட்டது. கண்ணாடியை எடுத்துத் தரச்சொல்லி வீட்டம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பாஸ்புக்ல பேர் போட்டுத்தானே குடுத்தாங்க? இப்ப உங்க பேர்கூடத் தெரியலையாமா?" என்றாள்.

கை நின்னுடுச்சு. அப்புறம்தான் அனுப்பினவர் பேரைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே பேங்க் பேர், உள்ளே சம்பந்தமில்லாத முகவரி. மெயில் முகவரியில் 'அட்' குறிக்கு முன்னால் என்ன பேரும் வைக்கலாம். பின்னால் வருவதுதான் ஊர்ப்பேர் மாதிரி. அதையும் கடைசியிலிருந்து படிக்கணும். நம்ம நாட்டு பேங்குகள் இணைய முகவரியை 'பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாத்தணும்னு 2025-ல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. ஆனால் அனுப்புற முகவரியையே போலியாகக் காட்டவும் முடியும். அதனால் மெயிலில் இருக்கும் பட்டனைத் தொடாமல், நாமே பேங்க் ஆப்பைத் திறந்து பார்ப்பதுதான் நல்லது. மறுநாள் கிளைக்கே போய்க் கேட்டேன். என் கேஒய்சி சரியாகத்தான் இருந்தது.

இன்னொண்ணு: யுபிஐ பின் பணம் அனுப்பத்தான். நமக்கு வரவேண்டிய பணத்தை வாங்க அது தேவையே இல்லை.

மாட்டுச் சந்தையில் "இப்பவே சொல்லு, அடுத்த ஆள் நிக்கிறான்"னு தரகர் அவசரப்படுத்தினால், நாங்க இன்னும் நிதானமா பல்லைப் பிடிச்சுப் பார்ப்போம், நடக்கவிட்டுப் பார்ப்போம். இத்தனை வருஷம் மாடு பிடிச்ச நான் ஒரு மெயிலுக்கு அவசரப்பட்டுட்டேன்.

எங்க ஊரில் ஒருத்தர் இப்படித்தான் பணத்தை விட்டார். வெட்கப்பட்டு மூணு நாள் யாரிடமும் சொல்லலை. உடனே 1930-க்குப் போன் போட்டிருந்தால், பணம் கைமாறும் முன்னால் நிறுத்திவைக்க வழியிருந்திருக்கும். ஏமாந்தது தப்பில்லைங்க. உடனே சொல்லிடுங்க.